அபராதப் பதிவேட்டில் அகப்பட்ட பெண்கள்

1765இல் பிரேசிலின் சாவோ பாலோவுக்கு ஆளுநராக வந்து இறங்கிய போர்த்துகீசியப் பிரபு மொர்காதோ டி மாத்தேயுஸ் கையோடு தொடங்கிய வேலை தலையெண்ணுவது. தெற்கே ஸ்பானியரோடு எல்லைத் தகராறு. படைக்கு ஆள் வேண்டும், கஜானாவுக்கு வரி வேண்டும். ஊர்க்காவல் படைத் தலைவர்கள் வீடு வீடாகப் போனார்கள். அடுப்புக்கு ஓர் எண் போட்டார்கள். குடும்பத் தலைவர் பெயர், வயது, நிறம், மணமானவரா, என்ன பிழைப்பு, அடிமைகள் எத்தனை, அண்டி வாழ்வோர் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். 1830கள் வரை, ஏறத்தாழ 70 ஆண்டுகள் இந்தக் கணக்கெடுப்பு நடந்தது. அந்தக் கட்டுகள் இன்றும் சாவோ பாலோ மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

தேடிப் போனது ஆண்களை. பதிந்துகொண்டு வந்ததோ ஏராளமான பெண்களை. நகரத்துக்குள் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பெண் பெயர் நின்ற வீடுகள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மொத்தத்தில் 40 சதவீதத்தை ஒட்டி இருந்தன. சாவோ பாலோ மட்டும் இப்படி இல்லை. தங்கம் விளைந்த மினாஸ் ஜெராய்ஸின் தலைநகரான வில்லா ரிக்காவில் 1804ஆம் ஆண்டுக் கணக்குப்படி இது 45 சதவீதம். இந்தப் பெண்களின் பிழைப்பு என்ன என்ற பத்தியில் எழுத்தர்கள் திரும்பத் திரும்ப எழுதியவை சில வாசகங்கள்தாம்: 'தையலில் பிழைக்கிறாள்', 'தின்பண்டம் விற்றுப் பிழைக்கிறாள்', 'அடிமைகள் கொண்டுவரும் கூலியில் பிழைக்கிறாள்', 'பிச்சையில் பிழைக்கிறாள்'. எதிலும் அடங்காதபோது 'தன் சாமர்த்தியத்தில் பிழைக்கிறாள்' என்று பொருள்படும் ஒரு வாசகம். இந்தக் கடைசி வாசகத்துக்குள் என்னென்ன அடங்கியிருந்தன என்று கேட்டவர்தான் பிரேசில் வரலாற்றாசிரியர் மரியா ஒடீலா லெய்த்தே ட சில்வா தியாஸ்.

கேட்டது 1980களில். அதுவரை பிரேசில் குடும்பம் என்றதும் படித்தவர்கள் மனத்தில் வந்து நின்ற படம் வேறு. ரெசிஃபே ஊர்க்காரரான ஜில்பெர்த்தோ பிரெய்ரே 1933இல் வெளியிட்ட 'பெரிய வீடும் அடிமைக் கொட்டடியும்' என்ற நூல் தீட்டிய படம் அது. வடகிழக்கின் கரும்புத் தோட்டம். நடுவில் பெரிய வீடு. தாழ்வாரத்தில் தோட்ட முதலாளி. அவர் சொல்லுக்கு அடங்கிய மனைவி, மக்கள், மருமக்கள், உறவுக்காரர், வீட்டுப் பாதிரியார், அடிமைகள். அந்தப் படத்தில் பெண்களுக்கு இருந்த இடம் பெரும்பாலும் இரண்டு: வாசல் தாண்டாத எஜமானி, எஜமானனின் கைக்கு எட்டிய அடிமைப் பெண். நூல் மயக்கும் நடையில் எழுதப்பட்டிருந்தது. அதனாலேயே வடகிழக்கில் உள்ள பெர்னாம்புகோவின் பணக்காரத் தோட்டக் குடும்பம் மெல்ல மெல்ல 'பிரேசில் குடும்பம்' ஆகிவிட்டது. 1951இல் இலக்கிய விமர்சகர் அந்தோனியோ காந்திதோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அந்தக் கூட்டுக்குடும்ப வட்டத்துக்கு வெளியே கிடந்தவர்களைக் குடும்ப ஒழுங்கே அமையாத உதிரிக் கூட்டமாக ஒதுக்கியது. 1982இல் மானிடவியலாளர் மரிசா கொரேயா இருவரையும் நேராகவே மறுத்தார். ஒரு வட்டாரத்து ஆளும் வர்க்கத்தின் குடும்பத்தை எடுத்து நாடு முழுவதற்கும் போர்த்தியதுதான் நடந்தது என்பது அவர் வாதம்.

மறுப்பு சரி. அந்தப் போர்வைக்கு அடியில் இருந்தவர்கள் அன்றாடம் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை யாராவது ஆவணங்களில் தேடி எடுக்க வேண்டுமே.

தியாஸ் 1940இல் பிறந்தவர். சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் வரலாற்றறிஞர் செர்ஜியோ புவார்க்கே டி ஒலாண்டாவின் மாணவி. பிறகு அங்கேயே ஆசிரியர். 1972இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றுக்குப் பெண்களோடு சம்பந்தமே கிடையாது. போர்த்துகீசிய அரசவை 1808இல் ரியோவுக்குக் குடிபெயர்ந்ததால் பிரேசில் விடுதலையின் தன்மை எப்படி மாறியது என்பது அதன் பொருள். பிரேசில் வரலாற்றுத் துறையில் இன்றும் அது பாடம். அரசு, அதிகாரம் என்று தொடங்கிய ஒருவர் தின்பண்டக்காரிகளிடம் வந்து சேர்ந்தது வழி மாறிப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. 1984இல் வெளிவந்த நூலுக்கு 'பத்தொன்பதாம் நூற்றாண்டு சாவோ பாலோவில் அன்றாடமும் அதிகாரமும்' என்று தலைப்பு வைத்தவர் அவர். அதிகாரம் என்ற சொல்லை அவர் கைவிடவே இல்லை; தெருவுக்கு இறக்கினார். உபதலைப்பாக அவர் வைத்தது அனா ஜெர்த்ருதெஸ் டி ஜெசுஸ் என்ற ஒரு பெண்ணின் பெயர். ஆளுநர்கள், பேரரசர்கள் பெயர் நிற்கும் இடம் அது.

தியாஸ் இதை எழுதிய காலத்து சாவோ பாலோவும் இதில் சேர்த்தி. ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, நகர விளிம்புக் குடியிருப்புகளின் தாய்மார் மன்றங்களிலிருந்து கிளம்பிய விலைவாசி எதிர்ப்பு இயக்கம் 1978 ஆகஸ்டில் 13 லட்சம் கையெழுத்துகளோடு பேராலயச் சதுக்கத்தில் கூடியது. அரிசி, பீன்ஸ் விலையைப் பற்றி அரசைக் கேள்வி கேட்டவர்கள் படிக்காத ஏழைப் பெண்கள். அதே பேராலயத்தைச் சுற்றிய சந்துகளில்தான், 150 ஆண்டுகளுக்கு முன்னால், நகரத்தின் உணவு விலையை நகரசபை ஒரு பக்கமும் கூடைக்காரிகள் மறுபக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதாதவர்களின் காகிதங்கள்

தியாஸின் பெண்களுக்கு எழுத்து தெரியாது. நாட்குறிப்பில்லை, கடிதமில்லை. அவர்கள் காகிதத்தில் ஏறியது வேறு யாரோ ஏற்றியதால். அபராதம் போட்ட நகரசபை, பிடித்துக்கொண்டு போன காவலர், ஞானஸ்நானப் பதிவேட்டில் 'தந்தை பெயர் தெரியாது' என்று எழுதிய பங்குத்தந்தை, உயில் எழுதிக் கொடுத்த எழுத்தர், வழிப்போக்கராக வந்து முகம் சுளித்த ஐரோப்பியர். 1819இல் சாவோ பாலோவுக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஒகுஸ்த் த சேன் இலேர், இருட்டிய பிறகு கம்பளிப் போர்வையில் முகம் மறைத்துத் தெருவில் உலவிய பெண்களைப் பற்றி எழுதினார். அவர் பார்வையில் அவர்கள் விலைமாதர். இருக்கலாம். ஆனால் பகலில் வெளியே தலைகாட்டினால் மானம் போய்விடும் என்று நினைத்த வறிய 'நல்ல குடும்பத்து'ப் பெண்களும் அதே போர்வைக்குள்தான் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போனார்கள். முகத்தை மூடக் கூடாது என்று அரசு தடை போட்டது, பெண்கள் மூடினார்கள், மறுபடி தடை வந்தது.

தியாஸின் வாசிப்பு முறையின் சூட்சுமம் இந்த மறுபடியும் மறுபடியும் வந்த தடைகளில் இருக்கிறது. ஒரு தடை ஒரு முறை போடப்பட்டால் அது சட்டம். இருபது முறை போடப்பட்டால், தடுக்கப்பட்டது தினமும் நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பெண்ணுக்கென்று விதிக்கப்பட்ட வேலை ஒன்று. அவள் நின்று செய்த வேலை இன்னொன்று. முதலாவதைச் சட்டமும் பிரசங்கமும் உரக்கச் சொல்லும். இரண்டாவது, மற்றவர்களின் எரிச்சலில்தான் வெளிப்படும். அவர் எழுத்தில் அடிக்கடி வரும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், நகரசபைக் குறிப்பேட்டின் ஒவ்வொரு வசையும் தகவலாகிவிடுகிறது. 1983இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே 'வரலாறு இல்லாத பெண்கள்'. கொஞ்சம் கிண்டலான தலைப்பு. வரலாறு இருந்தது, அதைக் கேட்டு யாரும் காப்பகத்துக்குள் போகவில்லை.

தெருவில் நடந்தது

அன்றைய சாவோ பாலோவை இன்றைய மாநகரமாக நினைத்துவிடக் கூடாது. 1836இல் சுற்றுப்புறத் தேவாலயப் பங்குகளையும் சேர்த்து எண்ணியும் அதன் மக்கள் தொகை 22,000ஐத் தொடவில்லை. மண் சுவர் வீடுகள், குறுகிய தெருக்கள், கீழே சதுப்பு நிலத்தில் வளைந்து வளைந்து ஓடிய தமந்துவாதெயி ஆறு. ஆற்றங்கரையில் சலவைப் பெண்கள். வீடுகளில் குழாய் கிடையாது. கருணை இல்லச் சதுக்கத்தில் இருந்த ஊற்றுத் தொட்டிதான் நகரத்தின் முக்கியமான தண்ணீர்த் துறை. 1790களில் அதைக் கட்டியவர் தேபாஸ் என்று அழைக்கப்பட்ட கறுப்பினக் கொத்தனார் ஜோவாக்கிம் பிந்தோ டி ஒலிவெய்ரா. அடிமையாக வந்து, தன் கைத்திறனால் பேர் வாங்கியவர். தொட்டியைச் சுற்றிக் குடத்தோடு காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைப் பெண்கள். வரிசையில் நிற்கும் நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த பேச்சு நேரம். யார் வீட்டில் யாரை விற்கப் போகிறார்கள், யார் ஓடிப்போனார்கள், சோள மாவு எங்கே மலிவு என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். அங்கே கூட்டம் சேர்வதும் சண்டை வருவதும் அதிகாரிகளுக்குத் தலைவலி.

ஆண்கள் எங்கே? கோவேறு கழுதை ஓட்டிக்கொண்டு தெற்குப் புல்வெளிகளுக்கும் சொரோக்காபா சந்தைக்கும் போனார்கள். தங்கம் தேடி கோயாஸ், மாத்தோ குரோசோ பக்கம் போனார்கள். போர் வந்தபோது பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். மொர்காதோ டி மாத்தேயுஸ் மேற்கெல்லையில் நிறுவிய இகுவாதெமி கோட்டைக்கு அனுப்பப்பட்டவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. சாவோ பாலோ மக்களுக்கு அந்தப் பெயரே மரண பயம். போனவர் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும்.

அந்த அடுப்பை எரியவைத்த பிழைப்புகளில் கண்ணுக்குத் தெரிந்தது தின்பண்ட விற்பனை. கித்தாந்தெய்ரா என்று அவர்களுக்குப் பெயர். தெருவோரத்தில் மரத்தட்டை விரித்து உட்காருவார்கள், அல்லது தலையில் சுமந்து திரிவார்கள். அங்கோலாவிலிருந்து அடிமைகளோடு கடல் கடந்து வந்த வியாபார முறை இது. வேகவைத்த பைன் கொட்டை, நிலக்கடலை, சோள இலையில் பொதிந்து அவித்த பமோன்யா, கெளுத்தி மீன் சேர்த்த சோளப் புட்டு, புகையிலைச் சுருள், பருவம் வந்தால் வறுத்த இசா எறும்பு. மழைக்குப் பிறகு புற்றிலிருந்து கிளம்பும் சிறகு முளைத்த ராணி எறும்புகள் அவை. ஈசல் வறுத்துத் தின்ற ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஐரோப்பியப் பயணிகளுக்குத்தான் குமட்டியது.

இவர்கள் மீது நகரசபைக்கு ஏன் அத்தனை கோபம்? சுற்றுப்புறக் குடியானவர்கள் கொண்டுவரும் மாவு, பீன்ஸ், பன்றிக் கொழுப்பு எல்லாம் நகரசபை கட்டிவைத்திருந்த சிறு கடை வரிசைக்கு வர வேண்டும், முதலில் ஊர் மக்கள் வாங்க வேண்டும், மிச்சத்தைத்தான் வியாபாரிகள் தொடலாம் என்பது விதி. 1770களில் கட்டிய அந்தக் கடைகளால் அந்தத் தெருவுக்கே 'சின்ன வீடுகள் தெரு' என்று பெயர் வந்தது. ஆனால் ஊர் எல்லையிலேயே, பாலத்தடியிலேயே குடியானவனை மடக்கிச் சரக்கை வாங்கிவிடுவார்கள் இடைத்தரகர்கள். பெரிய இடைத்தரகர்கள் நகரசபை உறுப்பினர்களுக்கு வேண்டியவர்களாகவோ உறவினர்களாகவோ இருப்பார்கள். அவர்கள் மூட்டைக் கணக்கில் பதுக்குவார்கள். கூடைக்காரி படியளவில் வாங்கிக் கைப்பிடி அளவில் விற்பாள். அபராதம் யாருக்கு விழும் என்று சொல்லத் தேவையில்லை. உப்பு 1801 வரை அரசக் குத்தகையில் இருந்தது. குத்தகைக்காரரிடமிருந்து கசிந்த உப்பு ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வழிகளில் இந்தப் பெண்களின் தட்டும் ஒன்று.

நூலின் பலம் இங்கேதான் எனக்குப் படுகிறது. கூடைக்காரிகளைப் பற்றிய வண்ணச் சித்திரங்களைப் பயணிகள் ஏற்கெனவே வரைந்து தள்ளியிருந்தார்கள். தியாஸ் கேட்டது வேறு: உரிமம் யாருக்குக் கிடைத்தது, பிணைக்காரர் யார், வரி யார் கட்டினார், யாருக்குத் தள்ளுபடி. பொருளாதாரத்தின் பெருவழி ஏற்றுமதிச் சர்க்கரையும் பின்னர் காப்பியும் என்றால், அந்த வழியில் உழைத்தவர்களின் வயிற்றை நிரப்பிய சில்லறைப் புழக்கம் முழுவதும் கணக்கில் வராத கைகளில் இருந்தது. சட்டப்படி அந்தக் கைகளுக்கு அங்கே இடமில்லை. அவை இல்லாமல் ஒரு நாளும் நகரம் சாப்பிட்டிருக்காது.

எஜமானியும் ஒற்றை அடிமையும்

இதுவரை சொன்னதை வைத்து 'உழைத்து நிமிர்ந்த பெண்கள்' என்று ஒரு கதை கட்டிவிடலாம். கட்டத்தான் பலர் ஆசைப்பட்டார்கள். தியாஸின் நூலில் அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பவள் ஓர் ஏழை எஜமானி.

கணவனை இழந்தவள், அல்லது கணவன் திரும்பாதவள். வெள்ளை நிறம், நல்ல குடும்பப் பெயர், ஒழுகும் கூரை. கையில் இருக்கும் சொத்து ஓர் அடிமைப் பெண், மிஞ்சினால் இரண்டு. எஜமானி வீட்டுக்குள் உட்கார்ந்து தையலோ சரிகையோ பார்ப்பாள், பண்டம் செய்வாள். தெருவுக்குப் போய் விற்பவள் அடிமை. நாளுக்கோ வாரத்துக்கோ இவ்வளவு என்று ஒரு தொகை பேசப்பட்டிருக்கும். அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும்; அதற்கு மேல் கிடைத்தால் அவளுடையது. அதில்தான் பெரும்பாலும் அவள் தன் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்வாள். தொகை குறைந்தால் அடி. நாள் முழுக்கத் தெருவில் சுற்றுவதால் ஊர் நிலவரம் அவளுக்குத் தெரியும், பேரம் தெரியும், ஓடிப்போனவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். வீட்டுக்குள் இருப்பவளுக்கு அவளை விட்டால் அரை வயிற்றுக்கும் வழியில்லை. யார் யாரைச் சார்ந்து இருந்தார்கள்? இருவரும் இருவரையும். ஆனால் விற்கும் உரிமை ஒருத்தியிடம் மட்டும் இருந்தது.

கூலியில் மிச்சம் பிடித்துத் தன்னைத்தானே வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு. பிரேசில் எங்கும் விடுதலைப் பத்திரம் பெற்றவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்பது பல நகரங்களின் ஆவணங்களில் உறுதியான செய்தி. தெருச் சில்லறை அதற்கு ஒரு காரணம். ஆனால் அடிமையின் சேமிப்பு அவளுக்கே சொந்தம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது 1871இல்தான். அதுவரை எஜமானி வார்த்தை மாறினால் போனது போனதுதான். இன்னொன்றையும் தியாஸ் மறைக்கவில்லை. விடுதலை பெற்ற பெண்கள் சிலர் கையில் காசு சேர்ந்ததும் செய்த முதலீடு, இன்னோர் அடிமை. இதைப் படித்து முகம் சுளிப்பது எளிது. அந்த ஊரில், அந்தக் காலத்தில், எழுத்தறிவில்லாத ஒரு பெண் வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய, தினமும் வருமானம் தரும் சொத்து வேறு என்ன இருந்தது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டம் கொடுத்தது, எடுத்தது

இந்தப் பெண்களில் சிலர் கையில் சொத்து வந்தது எப்படி என்று புரிய வாரிசுச் சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும். 1603இல் போர்த்துகலில் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பு, சொத்து விஷயங்களில் பிரேசிலில் 1916 வரை நடைமுறையில் இருந்தது. அதன்படி கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்து. கணவன் இறந்தால் பாதி மனைவிக்கு. மிச்சப் பாதியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவன் விருப்பப்படி உயில் எழுதலாம். மற்றதெல்லாம் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. ஐரோப்பாவின் பல நாடுகளில் அப்போது நினைத்துப் பார்க்க முடியாத ஏற்பாடு. ஆனால் தந்தை உயிலில் தாயைக் காப்பாளராகக் குறிப்பிடாவிட்டால், தன் பிள்ளைகளின் சொத்தைப் பார்த்துக்கொள்ள அவள் தனியாக அனுமதி கேட்க வேண்டும். மறுமணம் செய்தால் அந்த உரிமையும் போகும். விதவை மறுமணம் செய்யத் தயங்கியதற்குத் துக்கத்தைவிட இது வலுவான காரணமாக இருந்திருக்கும்.

சொத்தே இல்லாதவர்களுக்குத் தேவாலயத் திருமணமே எட்டாத செலவு. பத்திரங்கள் கேட்பார்கள், கட்டணம் கேட்பார்கள், வேறு ஊரில் பிறந்தவன் என்றால் அங்கிருந்து சான்று கேட்பார்கள். சேர்ந்து வாழ்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பங்குத்தந்தை கண்டித்தார். வளர்க்க முடியாத குழந்தையை விடிவதற்கு முன் யாராவது வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். 1825இல் சாவோ பாலோ கருணை இல்லத்தில் சுழலும் மரப்பெட்டி ஒன்றைச் சுவரில் பதித்தார்கள். வெளியிலிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும். வைத்தது யார் என்று தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது அகற்றப்படவில்லை.

தியாஸோடும் அவருக்கு முன்னும் பின்னும் இதே தடத்தில் வேறு சிலரும் தோண்டினார்கள். எலிசபெத் குஸ்னெசோஃப் அதே தலைக்கணக்குகளை வைத்து 1765 முதல் 1836 வரையிலான வீடுகளை எண்ணிக்கையாக ஆராய்ந்தார். எனி டி மெஸ்கித்தா சமாரா உயில்களையும் மணமுறிவு வழக்குகளையும் புரட்டி, சாவோ பாலோவில் பெரிய கூட்டுக்குடும்பம் விதிவிலக்கே என்று காட்டினார். மூரியல் நசாரி சீதனத்தைப் பிடித்துக்கொண்டார். 17ஆம் நூற்றாண்டு சாவோ பாலோவில் சொத்துள்ள குடும்பங்கள் மகனுக்குக் குறைத்தாவது மகளுக்கு நிலமும் அடிமைகளும் சீதனமாகக் கொடுத்தன. 19ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கம் தேய்ந்து மறைந்தது. ஏன் என்று 300 ஆண்டு ஆவணங்களை வைத்துச் சொன்னது அவர் நூல். சீதனம் மறைந்தது பெண்ணுக்கு லாபம் என்று நாம் அவசரப்பட்டு நினைப்போம். நசாரியின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சீதனம் கொண்டுவந்த மனைவிக்கு இருந்த பிடி, வெறுங்கையோடு வந்த மனைவிக்கு இல்லை.

இவர்களில் தியாஸின் கண்ணுக்கு மிக நெருங்கிய கண் சாண்ட்ரா லாடர்டேல் கிரஹாமுடையது என்பேன். அவர் எடுத்துக்காட்டிய ஒரு வழக்கு: 1835, பராயிபா பள்ளத்தாக்கின் காப்பித் தோட்டம். கயெத்தானா என்ற இளம் அடிமைப் பெண்ணுக்கு எஜமானன் ஆணையால் கல்யாணம் நடக்கிறது. அவள் கணவனைக் கிட்டவே அண்டவிடவில்லை. சொந்த மாமனே அடித்து நொறுக்குவேன் என்று மிரட்டுகிறான். அவள் ஓடிப்போய் எஜமானனிடமே முறையிடுகிறாள். கட்டிவைத்தவனே மனம் மாறி, இந்தத் திருமணத்தை ரத்து செய்யுங்கள் என்று திருச்சபை நீதிமன்றத்துக்கு மனுப் போடுகிறான். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. கடைசியில் ரத்து இல்லை என்று தீர்ப்பு. கயெத்தானா மறுத்தது யாரை? கணவனை, மாமனை, எஜமானனின் ஆணையை, மணமாகத்தான் வேண்டும் என்ற விதியை. துணைக்குப் போனது யாரிடம்? அதே எஜமானனிடம். பிரெய்ரேயின் பெரிய வீடு இந்த வழக்கில் அப்படியே நிற்கிறது. அதற்குள் நடப்பதுதான் அவர் எழுதியது போல இல்லை.

எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது

பெண் தலைமை வீடு என்ற எண்ணிக்கையைச் சுதந்திரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் சறுக்கல். முதல் சந்தேகம் கணக்கின் மீதே. படைக்கு ஆள் பிடிக்க வந்தவனிடம் மகன் பின்கட்டில் இருக்கிறான் என்று எந்தத் தாய் சொல்வாள்? 'கணவன் இல்லை' என்ற பதிவுகளில் ஒரு பங்கு காட்டுக்குள் ஒளிந்திருந்த கணவர்களாக இருந்திருக்கலாம். இரண்டாவது, தலைமை என்று பதிவான வீடுகளில் பல, நகரத்தின் மிக வறிய வீடுகள். தலைவியாக இருந்ததற்குக் காரணம், வேறு யாரும் இல்லாதது.

இன்றைய எண்களோடு முடிச்சுப் போடும்போதும் நிதானம் வேண்டும். 2022 மக்கள் கணக்கெடுப்பின்படி பிரேசில் வீடுகளில் 49.1 சதவீதத்துக்குப் பொறுப்பாளராகப் பெண் பதிவாகியிருக்கிறார். 2010இல் அது 38.7. 'பார்த்தீர்களா, 1804இலும் இப்படித்தான்' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இன்றைய கணக்கில் கணவன் பக்கத்தில் இருக்கும்போதே மனைவி பொறுப்பாளராகப் பதியலாம். பழைய கணக்கில் கணவன் கண்ணில் பட்டால் அவள் பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கிவிடும். நடுவில் சட்டம் நேர்கோட்டில் முன்னேறவும் இல்லை. 1916இன் சிவில் சட்டம் மணமான பெண்ணை வயது வராதவர்களோடு சேர்த்து அரைகுறைத் தகுதியுள்ளவளாக வைத்தது. வேலைக்குப் போகக் கணவன் சம்மதம் வேண்டும் என்றது. அது மாறியது 1962இல். மணவிலக்கு 1977இல். தாயும் பிள்ளையும் மட்டுமே உள்ள வீடும் குடும்பம்தான் என்று அரசியல் சாசனம் எழுதியது 1988இல். அதற்கு முன் 200 ஆண்டுகளாக அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

தின்பண்டக்காரிகளின் தெருவை அபராதங்கள் காலி செய்யவில்லை; காலி செய்தது காப்பி வியாபாரம். 1867இல் சாந்தோஸ் துறைமுகத்தையும் காப்பி நிலங்களையும் இணைக்கும் ரயில் வந்தது. அதே ஆண்டு ஆற்றங்கரையில் கூரை போட்ட நகரச் சந்தையும் வந்தது. சில்லறை வியாபாரம் வாடகை கட்டும் கடைகளுக்குள் நகர்ந்தது. 1872இல் 31,000 பேர் இருந்த நகரத்தில் 1900இல் 2,40,000 பேர். 1888இல் அடிமை முறை ஒழிந்தபோது, கப்பல் கப்பலாக வந்து இறங்கிய இத்தாலியர்களுக்கு ஆலை வேலையும் தள்ளுவண்டியும் கிடைத்தன. கறுப்பினப் பெண்களுக்கு மிஞ்சியது சலவை, சமையல், பிள்ளை வளர்ப்பு.

இன்றும் பிரேசிலின் வீட்டு வேலைத் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் பெரும்பான்மை கறுப்பின, கலப்பினப் பெண்கள். 1988 சாசனம் மற்றத் தொழிலாளர்களுக்குத் தந்த உரிமைகள் பலவற்றிலிருந்து இவர்களைத் தள்ளியே வைத்திருந்தது. 2013இல் சாசனத் திருத்தம் வந்தது. நாடாளுமன்றக் கீழவையில் அதன் அறிக்கையாளராக இருந்த பெனெதித்தா ட சில்வா, ஒரு காலத்தில் வீட்டு வேலை செய்தவர். 2015இல் விரிவான சட்டமும் வந்து, எட்டு மணி நேர வேலை, மிகை நேரக் கூலி, வேலையிழப்புக் காப்பு எல்லாம் எழுத்தில் ஏறின. ஒரே வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின்படி வீட்டுத் தொழிலாளி. அதனால் பல வீட்டுக்காரர்கள் நிரந்தர ஆளை நிறுத்திவிட்டு நாள்கூலிக்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் இன்னொரு வீடு என்று போகும் பெண்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.